காசநோய் வார்டும் ஓட்டுப் பெட்டியும்: சிவப்பு வியன்னாவின் கதை

1/ ஒரு நகரத்துல எந்த ஏரியா எந்தக் கட்சிப் பக்கம் சாயும்னு எதை வெச்சு சொல்லலாம்? நூறு வருஷம் முன்னாடி ஆஸ்திரியாவோட வியன்னாவுல, காசநோய் எங்கே அதிகம்னு பார்த்தே ஓரளவு சொல்லியிருக்கலாம். கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ 1910 வாக்கில் வியன்னாவின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தொழிலாளர்கள் ஃபவோரிட்டன், ஒட்டாக்ரிங், ஃப்ளோரிட்ஸ்டார்ஃப் பகுதிகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். வாடகை கட்ட முடியாமல் படுக்கையை மட்டும் அடுத்தவருக்கு வாடகைக்கு விட்டார்கள். ஒருத்தர் வேலைக்குப் போனா அதே படுக்கையில இன்னொருத்தர்! காற்றில் பரவும் கிருமிக்கு வேறென்ன வேணும்? காசநோய்க்கு "வியன்னா நோய்"னே பேர் வந்தது.

3/ 1888-ல் விக்டர் ஆட்லர் என்ற டாக்டர் ஃபவோரிட்டன் பக்கத்து செங்கல் சூளைகளுக்கே போய், அங்கிருந்த கொடுமையைப் பார்த்து பத்திரிகையில் எழுதினார். சோஷியல் டெமாக்ரட் கட்சியை ஒன்றுசேர்த்தவரும் இவரே. ஆனால் நகரசபையில் எல்லோருக்கும் சம ஓட்டு கிடையாது. அது வந்தது 1919 மே மாதம்தான், பெண்களுக்கும் சேர்த்து. அந்தத் தேர்தலிலேயே அந்தக் கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றது.

4/ ஜெயிச்சதும் என்ன பண்ணாங்க? 1923-ல் வீட்டுவசதி வரி. சின்ன வீட்டுக்குக் குறைவு, மாளிகைக்கு மிக அதிகம். அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள். உள்ளேயே குழாய்த் தண்ணீர், தனிக் கழிப்பறை, வெளிச்சம் வரும் முற்றம். சுகாதாரப் பொறுப்பில் இருந்தவர் யூலியஸ் டாண்ட்லர், உடற்கூறியல் பேராசிரியர். காசநோய் இறப்பு குறைந்தது. அப்போ ஸ்ட்ரெப்டோமைசினே கண்டுபிடிக்கலை, கவனிங்க.

5/ டாண்ட்லரைக் கும்பிட்டுட்டுப் போக முடியாது. "தகுதியற்ற உயிர்கள்" என்று பேசிய யூஜெனிக்ஸ் சிந்தனையும் அவரிடம் இருந்தது. அதையும் சேர்த்தே படிக்கணும்.

6/ 1930-ல் பங்களாக்கள் நிறைந்த டோப்ளிங் பகுதியில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் திறந்தாங்க. 1,382 வீடுகள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பணக்கார ஏரியாவுக்குள்ளேயே ஒரு தொழிலாளர் தொகுதி! எதிர்க்கட்சிகள் இதை வீடுன்னு பார்க்கலை, கோட்டைன்னு சொன்னாங்க. 1934 பிப்ரவரியில் அரசு பீரங்கியால் சுட்டது. கட்சி தடை செய்யப்பட்டது.

7/ 1945-க்குப் பிறகு மேயர் பதவி மறுபடி அதே கட்சிக்குத்தான், இன்றுவரை. ஆனா ஏரியாக்கள் மாறிடுச்சு. நகர மையத்தை ஒட்டிய நொய்பாவ் 2001 முதல் பசுமைக் கட்சி கையில். பழைய தொழிலாளர் கோட்டையான சிம்மரிங்கை 2015-ல் வலதுசாரி சுதந்திரக் கட்சி பிடித்தது. 2020-ல் திரும்பப் போனது.

8/ இன்னொண்ணு முக்கியம். இன்றைய வியன்னாவில் ஓட்டு வயது வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு நகரசபைத் தேர்தலில் ஓட்டு இல்லை, காரணம் குடியுரிமை இல்லை. இவர்களில் பலர் இருப்பதும் அதே பழைய தொழிலாளர் பகுதிகளில்தான். அதனால அந்த ஏரியா "எந்தப் பக்கம்"னு முடிவு பண்றது அங்க இருக்கிறவங்கள்ல ஒரு பகுதிதான்.

9/ 1919-ல் வீடு கட்டும் முடிவு எப்படி வந்தது? படுக்கையை வாடகைக்கு எடுத்தவனுக்கும் ஓட்டு வந்த பிறகுதான். மாத்திரை எழுதறது நம்ம வேலை. நோயாளி திரும்பிப் போற வீட்டுல ஜன்னல் இருக்கான்னு கேட்கிறதும் நம்ம வேலைதான் மக்களே.