சதுப்பு நிலம் முதல் வீட்டு முற்றம் வரை



மழை மாதங்கள் வந்துவிட்டால் வீட்டைச் சுற்றிப் புல் மண்டும். புழு பூச்சிகள் பெருகும். அவற்றோடு கொசுவும் வந்து சேரும். பாம்பைக் கண்டால் பதறி ஓடும் நாம், கொசுவைக் கையால் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால், இந்நாட்டுத் தோட்டங்களில் பாம்பும் புலியும் கொன்ற உயிர்களைவிடக் கொசு கொன்ற உயிர்களே பன்மடங்கு அதிகம். கொசுவை மனிதன் எப்படி அறிந்துகொண்டான், எப்படி அடக்கினான் என்ற வரலாற்றை இன்று பார்ப்போம். அந்த வரலாற்றில் நம் முன்னோரின் கண்ணீரும் உழைப்பும் கலந்திருக்கின்றன.

மலேரியா என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே குளிர் காய்ச்சலுக்குக் காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இந்தியாவின் செகந்தராபாத்தில் பணிபுரிந்த ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். இந்த ஆராய்ச்சிக்காக 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ராஸ் கண்ட உண்மையை நடைமுறையில் சோதித்துப் பார்த்த முதல் இடங்களுள் ஒன்று நமது கிள்ளான். 1901-ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் அங்கே அரசாங்க மருத்துவராக வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று அழைக்கும் துறைமுகம்தான் அது. திறந்த சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். கிள்ளான் நகரிலும் இதே நிலைதான்.

வாட்சன் மருந்தோடு நின்றுவிடவில்லை. நகரைச் சூழ்ந்திருந்த சதுப்புக் காட்டை வெட்டவும், கால்வாய் எடுத்து நீரை வடிக்கவும், கடல் நீர் ஏறாதபடி கரை கட்டவும் வேண்டுமென்று அரசாங்கத்தை வற்புறுத்தினார். வேலை நடந்தது. பலன் என்ன தெரியுமா? 1901-இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் இறந்தவர்கள் 582 பேர்; அவர்களில் 368 பேர் காய்ச்சலால் மாண்டவர்கள். மறு ஆண்டு மொத்த மரணம் 144-ஆகக் குறைந்தது; காய்ச்சலால் இறந்தவர்கள் 59 பேர் மட்டுமே. மண்வெட்டியும் கோடரியும் மருந்தைப் போலவே உயிர் காக்கும் என்பதைக் கிள்ளான் உலகுக்குக் காட்டியது.

காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் போய்விடும் என்று இதைப் பார்த்த எல்லோரும் முடிவு கட்டினார்கள். அது ரப்பர் தோட்டங்கள் பெருகி வந்த காலம். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் மலைப்பாங்கான இடங்களிலும் காட்டை அழித்தார்கள். ஆனால் அங்கே காய்ச்சல் குறையவில்லை, மாறாகக் கூடியது!

காரணம் இதுதான். கடற்கரைச் சதுப்பில் வாழ்ந்த கொசு நிழலை விரும்புவது. காடு போனதும் அதுவும் போயிற்று. குன்றுப் பகுதியில் இருந்த கொசுவோ வேறு இனம். அதற்கு வெயில் படும் தெளிந்த ஊற்று நீரும் சிற்றோடையும் வேண்டும். மரங்கள் நின்றவரை ஓடைகளில் வெயில் படவில்லை. மரங்களை வெட்டியதும், அந்தக் கொசு முட்டையிட நாமே இடம் அமைத்துக் கொடுத்தது போலாயிற்று.

இதை உணர்ந்த வாட்சன், குன்றுகளுக்கு வேறு வழி கண்டார். ஊற்று நீரைக் குழாய் பதித்து நிலத்தடியிலேயே ஓடச் செய்தார். மற்ற ஓடைகளில் எண்ணெய் தெளிக்க வைத்தார். நீரின் மேல் எண்ணெய் படர்ந்தால் கொசுப் புழு மூச்சுவிட முடியாமல் இறந்துவிடும். எண்ணெய்த் தெளிப்பானைத் தோளில் சுமந்து, வாரந்தவறாமல் ஓடை ஓடையாக நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. மருத்துவரின் பெயர் நூல்களில் நிற்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்பதை அறிய, மருத்துவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இடது விலாவின் கீழ் அழுத்திப் பார்ப்பார்கள். மண்ணீரல் வீங்கியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது என்று பொருள். காய்ச்சல் கட்டி என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பெற்றோர் கொய்னா மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போக, லயத்தில் குளிரில் நடுங்கிக் கிடந்தவர்கள் இந்தப் பிள்ளைகள்.

பின்னர் 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018-இல் மலேசியாவில் உள்நாட்டிலேயே தோன்றிய மனித மலேரியா எதுவும் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரத்தில் வேலை செய்வோரை இன்றும் தாக்குகிறது.

ஆனால், நேயர்களே, ஒரு கொசு ஒதுங்கினால் இன்னொரு கொசு வருகிறது. ஏடிஸ் கொசு பரப்பும் டெங்கிக் காய்ச்சல் 1902-லேயே பினாங்கில் பதிவாகியது. இரத்தக் கசிவை உண்டாக்கும் கொடிய டெங்கி 1962-இல் அங்கே தலைகாட்டியது. கொசு வளர இடங்கொடுக்கும் வீட்டுக்காரர்மீது நடவடிக்கை எடுக்க 1975-இல் சட்டமே வந்தது.

குன்றுகள் கற்பித்த பாடம் இங்கேதான் நமக்கு உதவுகிறது. முற்றத்துப் புல்லை ஒட்ட வெட்டிவிட்டோம், இனிக் கொசு வராது என்று எண்ணிவிடக் கூடாது. ஏடிஸ் முட்டையிடுவது புல்லில் அன்று. நம் வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரில். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, கவிழ்க்காமல் விட்ட பால் மங்கு, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவையே அதன் தொட்டில்கள். இரவில் வலை கட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கடிப்பது பெரும்பாலும் காலையிலும் மாலையிலும்.

முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, வீட்டார் அனைவரும் முற்றத்தைச் சுற்றி வரவேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். அங்கே ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மழை நீர் பட்டதும் உயிர்பெறும்.

தோட்டத்து ஓடைகளில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் வேலையை, இன்று நம் முற்றத்தில் நாம் தொடர்கிறோம் என்று எண்ணிக்கொள்வோம். கடும் காய்ச்சல் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்வோம்.