இலவசம் வேறு, பகிரும் உரிமை வேறு: ஜாவா உரிமத்தின் கதை

2001-இல் லினக்ஸ் பெங்களூரு என்ற பெயரில் தொடங்கிய மாநாடு, 2005 முதல் ஃபாஸ்.இன் எனப் பெயர் மாறி 2012 வரை நடந்தது. இணைய இணைப்பு மெதுவாக இருந்த அக்காலத்தில் கட்டற்ற இயங்குதளங்கள் குறுவட்டுகள் வழியாகவே பெரிதும் பரவின. குறுவட்டில் எதைச் சேர்க்கலாம் என்ற கேள்வி ஆகவே வெறும் சட்ட நுணுக்கமாக இருக்கவில்லை. மென்பொருள் யாரைச் சென்றடையும் என்பதையே அது தீர்மானித்தது.

இக்கேள்விக்குச் சிறந்த சான்று ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதனை விலையின்றி வழங்கியது. எனினும் பயனர் அந்நிறுவனத்தின் தளத்துக்கே சென்று, நிபந்தனைகளை ஏற்றுத் தரவிறக்க வேண்டியிருந்தது. டெபியன் அதனைத் தன் களஞ்சியத்தில் வைக்க இயலவில்லை. பயனர் தாமே பெற்ற கோப்பை நிறுவத்தக்க பொதியாக மாற்றும் கருவியை மட்டுமே தந்தது.

2006 மே மாதம், இயங்குதள வழங்குநர்களுக்கெனத் தனி உரிமம் ஒன்றை சன் வெளியிட்டது. மறுவிநியோகத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நிரலை மாற்றக் கூடாது, வழங்கலால் எழும் வழக்குகளின் பொறுப்பை வழங்குநரே ஏற்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளும் உடன் வந்தன. கட்டற்ற மென்பொருளுக்கான அளவுகோலை நிறைவு செய்யாததால், டெபியனில் அது ‘கட்டற்றதல்லாத’ பிரிவிலேயே இடம்பெற்றது. அதை ஏற்றதே தகுமா என்ற விவாதமும் அங்கு எழுந்தது.

சன்னை வாங்கிய ஆரக்கிள் 2011 ஆகஸ்டில் அவ்வுரிமத்தைக் கைவிட்டது. புதிய பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குநர்கள் விநியோகிக்க வழியில்லாது போக, பழைய பொதிகள் களஞ்சியங்களிலிருந்து நீக்கப்பட்டன. பயனர்கள் கைவிடப்படாததற்குக் காரணம், 2006 நவம்பரில் தொடங்கி ஜிபிஎல் உரிமத்தின்கீழ் திறக்கப்பட்ட ஓபன்ஜேடிகே. அது அதற்குள் பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையை எட்டியிருந்தது.

இந்தியச் சட்டமும் இதே வேறுபாட்டைப் பேணுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. முறையாகப் பெற்ற நிரலை வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாட்டுக்குப் படியெடுக்கப் பிரிவு 52(1)(ஏடி) இடமளிக்கிறது. பிறருக்கு விநியோகிக்கும் உரிமையை அது தருவதில்லை. பிரிவு 30-இன்படி உரிமம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். ஆகவே உரிம ஆவணத்தின் மௌனத்தை அனுமதி எனக் கொள்ள இயலாது.

கல்லூரி ஆய்வகங்களில் ஒரே வட்டுப் படிமத்தைப் பல கணினிகளில் பதிப்பது இன்றும் வழக்கம். அது ‘சொந்தப் பயன்பாடு’ ஆகுமா என்பது எளிதில் விடை கூறத்தக்கதன்று. படிமத்தில் தனியுரிமை மென்பொருளைச் சேர்க்கும்முன் மூன்றினைப் பார்த்தல் நன்று: படியெடுக்க அனுமதி உண்டா? பிறருக்கு வழங்க அனுமதி உண்டா? தந்த அனுமதியைத் திரும்பப் பெற வழி வைத்திருக்கிறார்களா? முதலிரண்டையும் பலர் பார்க்கின்றனர். மூன்றாவதன் விளைவை 2011 காட்டியது.