யவனர் தேறலும் நந்திமலைத் திராட்சையும்

திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. வள்ளுவரைப் போற்றும் நம் சங்க மலரில் ஒயினைப் பற்றிக் கட்டுரையா என்று அன்பர்கள் வியக்கலாம். "குடிக்கச் சொல்றீங்களா சார்?" என்று நண்பர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். இல்லை ஐயா, ஒரு கொடியின் வரலாற்றைத்தான் சொல்ல வருகிறேன். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அதில் செய்தி உண்டு.

யவனர் மது தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்று 56-ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த மணம்மிக்க தேறலைப் பருகி இனிது வாழ்கவென்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு 149 கூறும். ஆக, மது வந்தது, மிளகு போனது.

அந்தக் கடற்கரை நாடுகளுள் ஒன்றே தென் பிரான்சு. அங்கே சிவப்பு ஒயினைப் பெரும்பாலும் பல திராட்சைகளைக் கலந்தே செய்வர். கிரனாஷ் பழச்சுவை தரும். சிரா நிறமும் கார மணமும் தரும். மூர்வெத்ர் துவர்ப்புத் தரும். ஷாதோநெஃப்-து-பாப் என்ற ஊரின் ஒயினுக்கு 13 வகைத் திராட்சைகளைச் சேர்க்க இடமுண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். நம்ம வீட்டுக் குழம்புப்பொடி மாதிரிதான்.

1860-களில் அமெரிக்கக் கொடிகளோடு வந்த பிலாக்சரா என்னும் பூச்சி, வேரைத் தாக்கி இத்தோட்டங்களை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டியே அவை மீண்டன. வேர் ஒரு கண்டம், கனி ஒரு கண்டம்!

அமெரிக்கக் கலப்புள்ள இசபெல்லா என்னும் கொடியையோ பிரான்சு 1934-இல் சட்டம் போட்டு விலக்கியது. நம் தள்ளுவண்டிகளில் கிடைக்கும், கொட்டையுள்ள ‘பெங்களூர் புளூ’ பழம் அந்த இசபெல்லாவே என்பது திராட்சை அறிஞர் கருத்து. அங்கே விலக்குண்டது இங்கே ஊர்ப்பெயரும் புவிசார் குறியீடும் பெற்று, பல உழவர் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

பிறகு பிரெஞ்சு வகைகளும் வந்தன. 1988-இல் கன்வல் குரோவர் நந்திமலை அடிவாரத்தில் தோட்டம் தொடங்கினார். 1995 முதல் போர்தோவின் மிஷல் ரொலான் ஆலோசனை தந்தார். அதன் ‘லா ரிசர்வ்’ ஒயின், கபர்னே சோவிஞ்ஞோனும் சிராவும் கலந்தது. இங்கே கொடிக்குப் பனிக்கால உறக்கம் இல்லை. ஆதலால் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து ஒருமுறை அறுவடை செய்கிறார்கள். 2007-இல் கர்நாடக அரசு ஒயினுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

இனி, உணவு. துவர்ப்புள்ள ஒயினுக்குப் புரதமும் கொழுப்பும் உள்ள உணவே இசைவு. தென் பிரான்சில் ஆட்டுக்கறியோடும், வெள்ளை மொச்சை போன்ற பயற்றை இறைச்சியோடு வேகவைக்கும் கசூலேயோடும் இதைப் பரிமாறுவர். மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் வாய் இன்னும் எரியும். எனவே ஆந்திரா மெஸ் குழம்பு ஒத்துவராது. மிளகுக்கறி ஒத்துவரும். அதற்குக் காரணமும் உண்டு. சிராவின் கார மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டறிந்தனர். மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான்! யவனர் கப்பலில் எதிரெதிராய்ப் பயணம் செய்த இரண்டும் உள்ளே உறவினர்கள்.

கசூலேக்கு ஈடாக நம்மிடம் இருப்பது மார்கழி, தை மாதப் பிதுக்குப் பருப்புக் குழம்பு. வட ஆற்காட்டிலிருந்து வந்த நம் பாட்டிமார் கறியோடும் வைப்பர், கறியில்லாமலும் வைப்பர். கன்னடத்தார் வீட்டில் அது ‘ஹிதகித பேளே’. யார் யாரிடம் கற்றார் என்று வழக்காட வேண்டியதில்லை.

"உங்க ஊர் எது?" என்றால் நம் பிள்ளைகள் "பெங்களூர்தான்" என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது மனத்தாங்கல். ஒட்டுக் கட்டிய கொடி தன் பழத்தின் குணத்தை இழப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசவும் எழுதவும் நாம் கற்றுக் கொடுத்தால் போதும், பிள்ளைகளும் இழக்கமாட்டார்கள்.