கூரைமேல் கேட்ட பாடம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருந்தெரு பெரகலயில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை வெல்லவாய நோக்கி இறங்க, மற்றையது அப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளைப் பக்கம் செல்கின்றது. இச்சந்தியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் பிறந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. அதன் காரணத்தை ஆராய்வார்க்கு அமெரிக்க யூத மாணவரின் வரலாறு நல்லதோர் ஒப்பீடாக அமையும். வாயிலைத் திறப்பவர் யார், உட்சென்றவனைத் தாங்குபவர் யார் என்னும் இரு வினாக்கள் அவ்வரலாற்றில் தனித்தனியே எழுந்தன.

இரண்டாம் வினாவுக்கு விடை கண்ட இடம் இலினோய்ப் பல்கலைக்கழகம். அங்கு பயின்ற யூத மாணவர் தம் மரபையே அறியாதிருத்தல் கண்டு கவலையுற்றவர்களுள் முதன்மையானவர் எட்வர்ட் சான்சி போல்ட்வின் என்னும் ஆங்கிலப் பேராசிரியர். அவர் யூதரல்லர் என்பது கவனிக்கற்பாலது. 1923இல் பெஞ்சமின் பிராங்கெல் என்னும் இளம் யூதகுரு அங்கே மாணவர்க்கென ஒரு மன்றத்தை நிறுவினார். சமயக் கல்வி, வழிபாடு, தோழமை ஆகியன அதன் பணிகளாயின. பிராங்கெல் 1927இல் இளமையிலேயே மறைந்தபோதிலும் மன்றம் மறையவில்லை. பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவிற்று.

மன்றத்துக்கு இட்ட பெயர் ஹில்லெல். அது பண்டைய யூத அறிஞர் ஒருவரின் பெயர். அவர் நாட்கூலி, கிடைத்த காசிற் பாதியைக் கல்விக்கூட வாயிற்காவலனுக்குக் கொடுத்து உட்செல்வார் என்கிறது தல்மூது. ஒருநாள் கூலி கிடைக்கவில்லை, காவலன் விடவில்லை. கூரைமேல் ஏறிச் சாளரத்தின்வழி பாடம் கேட்டவரைப் பனி மூடிற்று. விடியலில் அறை இருண்டிருப்பதைக் கண்டு அண்ணாந்து நோக்கிய ஆசிரியர்கள் அவரை இறக்கி, ஓய்வுநாள் விதியையும் பாராது தீயருகே அமர்த்தினர்.

இனி வாயிலைப் பற்றிய வினா. 1922இல் ஹார்வர்ட் தலைவர் லோவெல் யூத மாணவர் தொகையை நூற்றுக்குப் பதினைந்தாக வரையறுக்க முனைந்தார். வெளிப்படையான வரம்பு ஏற்கப்படவில்லை. ஆயினும் நாட்டின் பல பகுதிகளுக்கும் இடம் பகிர்தல், ஒழுக்கத்தை அளவிடல் என்னும் பெயர்களால் அத்தொகை குறைக்கப்பட்டது. நிலப்பரப்பை அளவுகோலாக்கும் முறை நம் நாட்டிலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடாக வந்தது. யாழ்ப்பாணத்து மாணவர் அதனால் இழந்தது பலரும் எழுதிய செய்தி. பதுளை பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டமையால் இங்குள்ளோர் பெற்றனர் எனலாமா? மாவட்டம் பெற்றது உண்மை. லயத்துப் பிள்ளை பெற்றது மிகச் சிறிதே. உயர்தர வகுப்பு வரை வந்தவனுக்கன்றோ ஒதுக்கீடு பயன்படும்!

அவ்வகுப்புவரை அவன் வரமுடியாமைக்கு வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் விட்டது. கொழுந்து பறிக்க ஆள் தேடுபவரே ஆசிரியரையும் தேடுவதென்றால் விளைவு சொல்லவேண்டுவதில்லை. 1945இன் இலவசக் கல்வியும் தோட்ட எல்லையிலேயே நின்றுவிட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபின், படித்தாலும் அரசாங்க உத்தியோகம் இல்லை என்றாயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாக ஏற்கத் தொடங்கியது 1970களிலேதான். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இல் வந்தது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் எழுந்தது.

போல்ட்வின் கண்ட இளைஞர் ஏற்கெனவே உள்ளே இருந்தவர். மன்றம் அவர்க்குப் போதுமாயிற்று. மலையக மாணவர் அமைப்புகளுக்கோ பணி இரட்டிப்பு. உடன் பயில்வோர்க்குத் துணை நிற்பதோடு, விடுமுறையில் தோட்டங்களுக்குத் திரும்பி உயர்தர மாணவர்க்குக் கருத்தரங்கு நடத்தும் பொறுப்பையும் அவர்களே சுமக்கின்றனர்.