ரூஸ்வெல்ட்டின் பிபியும் ஃப்ரேமிங்ஹாம் ஊரும்

"உன் வயசோட நூறைக் கூட்டிக்கோ, அதுதான் நார்மல் பிபி" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களிடமும் இருந்த கணக்குதான் இது. வயசானால் ரத்தக்குழாய் இறுகும், இறுகின குழாயில் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடத்தானே வேணும்? அதைக் குறைப்பதுதான் ஆபத்து என்று நினைத்தவர்கள்கூட உண்டு.

அமெரிக்க ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பாருங்கள். 1935ல் அவருடைய பிபி 136/78. 1937ல் 162/98. அப்போது அவருக்கு 55 வயசு. நூறைக் கூட்டினால் 155, ஏழுதானே அதிகம்! 1941ல் 188/105. அவருடைய டாக்டர் ராஸ் மெக்கின்டையர், காது மூக்கு தொண்டை நிபுணர். வயசுக்கு ஆரோக்கியமாகவே இருக்கிறார் என்றுதான் வெளியே சொல்லிவந்தார்.

1944 மார்ச்சில் இதய நிபுணர் ஹோவர்ட் ப்ரூயன் பரிசோதித்தபோது 186/108, இதயமும் பலவீனமாகி இருந்தது. உப்பையும் சிகரெட்டையும் குறைக்கச் சொல்லி, டிஜிட்டாலிஸ் கொடுத்தார். பிபியை உருப்படியாக இறக்கும் மாத்திரை அன்றைக்குக் கிடையாது. 1945 ஏப்ரல் 12 அன்று பிபி 300/190ஐத் தொட்டது. மூளையில் ரத்தக்கசிவு. 63 வயசில் இறந்துபோனார்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், லாக் எல்லாம் பதிவாகி இருந்தது, எந்த எண்ணில் அலாரம் அடிக்கணும் என்பதுதான் தெரியவில்லை. ஒரே ஆளின் ரீடிங்கை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினாலும் முடியாது. அதிக பிபியோடு சும்மா நடமாடுகிறவர் அங்கே வரவே மாட்டாரே!

அந்த வேலையைத் தொடங்கியது பாஸ்டன் பக்கத்தில் உள்ள ஃப்ரேமிங்ஹாம் என்ற சின்ன ஊர். 1948ல் ஆரம்பித்த ஆய்வில் 5,209 பேர் சேர்ந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை. யாருக்கு இதய நோய் வருகிறது என்று வருஷக்கணக்கில் பொறுமையாகப் பார்த்தார்கள். 160/95க்கு மேல் இருந்தவர்களுக்கு அது பல மடங்கு அதிகமாக வருவது 1957ல் தெரிந்தது. 1961ல் வந்த இன்னொரு கட்டுரை மூலம்தான் 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற சொல் பரவியது. கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம், சர்க்கரை நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

பிபியைக் குறைத்தால் பலன் உண்டா? 1967ல் அதற்கும் பதில் வந்தது. பிபி மிக அதிகமாக இருந்த 143 ஆண்களில் பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. பெரிய பாதிப்புகள் வெற்று மாத்திரைக்காரர்களில் 27, நிஜ மாத்திரைக்காரர்களில் 2.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 மதிப்பீட்டில், 30 முதல் 79 வயசுக்குள் 128 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அதில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ரூஸ்வெல்ட்டிடம் எண் இருந்தது, அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லை. இன்றைக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும், எண்தான் பாதிப்பேரிடம் இல்லை. பிபி பெரும்பாலும் வலிக்காது, அறிகுறியும் காட்டாது. அளந்தால்தான் தெரியும்.