ஃபிர்ஸ் வேடம் போட்ட ஓவிய வாத்தியார்

  

இன்று ஓர் ஓவிய ஆசிரியரைப் பற்றி எழுதுகிறேன். ருஷ்யாக்காரர். பெயர் அலெக்சாந்தர் அர்த்தியோம். 1842இல் பிறந்தவர். மாஸ்கோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியமும் கையெழுத்துப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தவர். நம்மூரில் ஓய்வூதியக் கணக்குப் போட ஆரம்பிக்கும் 56 வயதில் அவர் முழுநேர நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1914இல் இறக்கும்வரை 16 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். கிடைத்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன வேடங்கள். நாடக வரலாற்றில் அவர் பெயர் நிற்பதும் அந்த வேடங்களால்தான்.

அவர் சேர்ந்த கம்பெனி, மாஸ்கோ கலை அரங்கம். அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1897 ஜூன் மாதம். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என்ற நடிகரும் நெமிரோவிச் தான்சென்கோ என்ற நாடக ஆசிரியரும் மாஸ்கோவில் ஓர் உணவகத்தில் சந்தித்தார்கள். பிற்பகல் 2 மணிக்கு ஆரம்பித்த பேச்சு, ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் கிராமத்து வீட்டில் மறுநாள் காலை 8 மணிக்குத்தான் முடிந்தது. 18 மணி நேரம்! புதிதாக ஒரு நாடக அரங்கம் தொடங்குவதுதான் பேச்சு. கலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. நடிகர்கள் உடை மாற்றும் அறைகளைப் பற்றியும் விரிவாகப் பேசினார்கள். அந்தக் காலத்தில் பல அரங்கங்களில் பார்வையாளர் உட்காரும் இடம் பளபளப்பாக இருக்கும். மேடைக்குப் பின்னால் அழுக்கும் குளிரும்தான். நம் அரங்கில் பணம் வந்தால் முதலில் நடிகர்களின் அறைகளைச் சரிசெய்வோம் என்று முடிவெடுத்தார்கள்.

இன்னொன்றும் முடிவாயிற்று. சின்ன வேடம் என்று எதுவும் கிடையாது, அதைச் சின்னதாக நினைக்கும் நடிகர்தான் உண்டு. இன்று ஹாம்லெட்டாக நடிப்பவர் நாளைக்குக் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும். அங்கும் அவர் கலைஞராகவே நிற்க வேண்டும்.

இப்படிச் சொல்வது எளிது. கடைப்பிடித்தார்களா? கடைப்பிடித்தார்கள். 1898இல் அரங்கின் முதல் நாடகத்தில் மன்னர் ஃபியோதராக, தலைமை வேடத்தில் நடித்தவர் மொஸ்க்வின். அதே மொஸ்க்வின் 1904இல் செகாவின் ‘செர்ரிப் பழத்தோட்டம்’ நாடகத்தில், நடந்தால் எதையாவது தட்டிவிடுகிற, எல்லோரும் கேலி செய்கிற ஒரு கணக்கராக வந்தார். மன்னரிலிருந்து கணக்கருக்கு! அங்கே அதை யாரும் பதவி இறக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி நம் வாத்தியாருக்கு வருகிறேன். பள்ளியில் வேலை பார்த்த காலத்திலேயே ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பொழுதுபோக்கு நாடகக் குழுவில் நடித்துப் பழகியவர் அவர். அரங்கம் தொடங்கியதும் அழைத்துக்கொண்டார்கள். ‘கடற்பறவை’யில் பண்ணை மேலாளர், ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தில் கிழட்டு ராணுவ மருத்துவர் என்று செகாவின் நாடகங்களில் தொடர்ந்து வந்தார். செகாவுக்கு இவர்மேல் தனிப் பிரியம். காசநோய் முற்றிய நிலையில் யால்டாவில் உட்கார்ந்து ‘செர்ரிப் பழத்தோட்டம்’ எழுதியபோது, யாருக்கு எந்த வேடம் என்று கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஃபிர்ஸ் வேடத்துக்கு நேராக அர்த்தியோம் பெயர்!

ஃபிர்ஸ் 87 வயது வேலைக்காரர். ருஷ்யாவில் 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது, விடுதலை வேண்டாம் என்று எஜமானர் வீட்டிலேயே தங்கிவிட்டவர். காப்பி கொண்டு வருவார். பாலேடு எங்கே என்று சிறுமியை அதட்டுவார். ஐம்பது வயது தாண்டிய எஜமானரை, தப்பான கால்சட்டையைப் போட்டிருக்கிறீர்கள் என்று குழந்தையைப்போலக் கண்டிப்பார். காது மந்தம், வாய்க்குள் முணுமுணுப்பு. பேச்சு குறைவு.

கடைசிக் காட்சியில் தோட்டம் ஏலத்தில் போய்விட்டது. குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறது. ஃபிர்ஸை மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் அனுப்பவில்லை. பூட்டிய வீட்டுக்குள் கிழவர் மெதுவாக நடந்து வருகிறார். தன்னை விட்டுப் போனதைவிட, எஜமானர் கம்பளிக் கோட்டு போடாமல் போயிருப்பாரே என்பதுதான் அவருக்குக் கவலை. அப்படியே படுத்துவிடுகிறார். வெளியே மரம் வெட்டும் சத்தம். திரை.

நாயகி போய்விட்டாள், நாயகியின் அண்ணன் போய்விட்டான். மொத்த நாடகமும் வந்து இறங்குவது இந்த வேலைக்காரர்மேல்தான். அன்றைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1904 ஜனவரி 17, செகாவின் 44ஆவது பிறந்தநாளில் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. நாயகி வேடத்தில் செகாவின் மனைவி ஓல்கா நிப்பர், அண்ணனாக ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. ஆனால் திரை விழும்போது மேடையில் இருந்தவர் 61 வயதைத் தாண்டிய அர்த்தியோம். அதற்கு ஆறு மாதத்தில் செகாவ் மறைந்தார்.

இதில் நான் கவனிப்பது ஒன்று உண்டு. ஃபிர்ஸிடம் அர்ப்பணிப்புக்குக் குறைவில்லை. ஆயுள் முழுக்க உழைத்தார். அந்த வீடு அவரை மறந்துவிட்டது. அர்த்தியோமிடமும் அர்ப்பணிப்பு இருந்தது. அவருடைய அரங்கம் அவரை மறக்கவில்லை. சிறிய இடத்தில் இருப்பவரிடம் உழைப்பைக் கேட்கிறோம், விசுவாசத்தைக் கேட்கிறோம். மரியாதை தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். வராது. அதற்கு ஓர் அறை கட்ட வேண்டும், ஒரு விதி வைக்க வேண்டும், பெயர் சொல்லி வேடம் எழுத வேண்டும். மாஸ்கோவில் செய்தது அதைத்தான்.

பள்ளி ஆண்டு விழாக்களில் பார்த்திருக்கிறேன். கட்டபொம்மன் வேடம் என்றால் வகுப்பே கை தூக்கும். வாயிற்காவலனுக்கு ஆள் கிடைக்காது. கிரீடத்துக்குத் தங்கத்தாள் ஒட்ட இரண்டு நாள் ஆகும். காவலனுக்கு யார் வீட்டுத் துண்டோ போதும். ஒத்திகையில் அவனுக்குக் கிடைக்கும் ஒரே அறிவுரை, “ஓரமா நில்லுடா.”

இப்போது பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நாடகத்தில் அந்தக் காவலனுக்கு ஒரு பெயர் வையுங்கள். எந்த ஊர்க்காரன், எத்தனை வருடமாக அந்த வாசலில் நிற்கிறான், வீட்டில் யார் யார் என்று அந்தப் பையனையே யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதன்பின் அவன் வேலைப் பிடித்து நிற்கும் விதத்தைப் பாருங்கள்.