கோல்ஹோஃப் குடும்பத்துக்கு ஏடு இருந்தது, நமக்கு?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒல்லாந்தர் காலம் என்றவுடன் கோட்டை, தோம்பு, தேசவழமை என்று பிள்ளைகள் மனனமாகச் சொல்லுவார்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒல்லாந்தக் கம்பனியின் சம்பளத்தில் இருந்த படைவீரர்களில் பெருந்தொகையானோர் ஒல்லாந்தர் அல்லர். 18ஆம் நூற்றாண்டில் அந்தப் படையில் வெளிநாட்டவர்களே அதிகம். அவர்களிலும் மிகப் பலர் ஜேர்மன் மொழி பேசியவர்கள்.

அன்று ஜேர்மனி என்று ஒரு நாடு இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான சிற்றரசுகள்தான். 1618 முதல் 1648 வரை அங்கே நடந்த முப்பதாண்டுப் போர் ஊர் ஊராகச் சுட்டெரித்தது. பிழைப்புத் தேடி அம்ஸ்ரடாமுக்குப் போனவர்கள் கம்பனிக் கப்பலில் ஏறினார்கள். 1602க்கும் 1795க்கும் இடையில் கம்பனிக் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். திரும்பிப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மற்றவர்கள் கடலிலும் காய்ச்சலிலும் போரிலும் மாண்டார்கள், அல்லது இந்தப் பக்கத்திலேயே கலியாணம் கட்டித் தங்கிவிட்டார்கள். நாங்கள் பறங்கியர் என்று சொல்லும் சமூகத்தில் பல குடும்பங்களின் மூதாதை அப்படித் தங்கிய ஒரு ஜேர்மன்காரர். 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தனது சஞ்சிகையில் இந்தக் குடும்பங்களின் வம்ச வரலாறுகளை ஒவ்வொன்றாக அச்சிட்டது.

முன்னூறு வருடத்துக்கு முந்திய, படிப்பறிவு குறைந்த ஒரு சாதாரண சிப்பாயின் ஊரையும் தகப்பனையும் இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பதில், தேவாலய ஏடு.

ஜேர்மன் ஊர்களில் 16ஆம் நூற்றாண்டிலேயே சபைப் போதகர்கள் பதிவேடு வைக்கத் தொடங்கினார்கள். கத்தோலிக்கப் பகுதிகளுக்கு 1563இல் திரெந்து சங்கம் அதைக் கட்டாயமாக்கியது. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று பதிவுகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், அவர் தொழில், ஞானப்பெற்றோர் பெயர். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம் என்பதால், தாயின் சகோதரன் யார், தகப்பனின் முதலாளி யார் என்பதுகூட அதில் தெரியவரும். அடக்கப் பதிவில் சில போதகர்கள் இறந்தவரின் வயதை வருடம், மாதம், நாள் என்று கணக்காக எழுதிவைத்தார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பிறந்த நாள் கிடைத்துவிடும்.

நமக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்ப்போம். கடலுக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் கையில் இருந்த துறைமுகம். 1706இல் அங்கே ஜேர்மன் லூத்தரன் போதகர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களின் வரிசையில் 1737இல் வந்தவர் யோஹான் பல்தாசர் கோல்ஹோஃப். பால்டிக் கடற்கரைப் பக்கம் பொமரேனியாவில் நோய்வார்ப் என்ற சிற்றூரில் 1711இல் பிறந்தவர். ஐம்பது வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து 1790இல் காலமானார். மகன் யோன் காஸ்பர் 1762இல் தரங்கம்பாடியில் பிறந்து, தஞ்சாவூரில் பணி செய்து 1844இல் இறந்தார். பேரன் கிறிஸ்தியான் சாமுவேலும் அதே பணிதான், 1881இல் காலமானார். மூன்று தலைமுறை, 144 வருடம்.

இந்தக் குடும்பத்தைத் தேடுபவர் கடைசிப் பதிவிலிருந்து பின்னோக்கி ஏறுவார். பேரனின் அடக்கப் பதிவு வயதைச் சொல்லும். வயதை வைத்து ஞானஸ்நானப் பதிவைத் தேடலாம். அதில் தகப்பன் பெயர் இருக்கும். தகப்பன் பெயரோடு தரங்கம்பாடிச் சபை ஏட்டுக்குப் போகலாம். அங்கிருந்து, போதகர்கள் ஜேர்மனியில் ஹாலே நகருக்கு அனுப்பிய கடிதங்களுக்குப் போகலாம். அவை இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அதற்கும் மேலே நோய்வார்ப் ஊரின் ஏடு. ஒரு படியும் ஊகம் இல்லை. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் மினக்கெட்டு எழுதிய மூன்று வரி இருக்க வேண்டும்.

பொறிகளும் உண்டு. ஜேர்மன் புரட்டஸ்தாந்து அரசுகள் பஞ்சாங்கத்தை மாற்றியது 1700இல். அந்த வருடம் பெப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1. ஒல்லாந்து மாகாணமோ நூறு வருடத்துக்கு முன்னரே மாறிவிட்டது. ஆகவே 1700க்கு முன் ஒரே நாளுக்கு இரண்டு ஏட்டில் இரண்டு திகதி. கம்பனி எழுத்தர் யோஹானை யான் என்றும் ஷ்மித்தை ஸ்மித் என்றும் தன் காதில் விழுந்தபடி எழுதிவைப்பார். முகைதீன், மொஹிதீன், முஹியத்தீன் என்று ஒரே ஆளின் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருப்பதைக் கண்ட நமக்கு இது புதிதல்ல.

யாழ்ப்பாணத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. தரங்கம்பாடிப் போதகர்களில் பேர்பெற்ற ஷ்வார்ட்ஸ் 1760இல் இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். கோல்ஹோஃபின் மகன் யோன் காஸ்பரைப் பின்னாளில் தன் பிள்ளைபோல வளர்த்தவரும் இவர்தான். இங்கே ஆட்சியின் சபை ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபை. கோட்டைக்குள் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் அதனுடையது.

ஊர்களில் பதிவு எழுதியவர் போதகர் அல்லர். பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார். கோவிற்பற்றுத்தோறும் ஒரு பள்ளிக்கூடம், அங்கே ஒரு பள்ளித் தோம்பு. யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யார் யாரைக் கட்டினார், எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பதெல்லாம் அதில் ஏறும். வராத பிள்ளைக்குக் குற்றப்பணம். பதிவில்லாத கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமையில் சிக்கல். அரசாங்க உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டும். ஆகவே வீட்டில் சைவராகவே இருந்துகொண்டு, தோம்புக்காக மட்டும் கிறிஸ்தவரான குடும்பங்கள் ஏராளம். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்தச் செய்தி ஒரு நெருடல். அந்தச் சட்டம்பியாரின் பேனாமுனையில்தான் ஒரு பிள்ளை சட்டத்துக்கு முன்னால் பிள்ளையாக இருந்தது.

அந்த ஏட்டில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, அந்தச் சிப்பாய்கள் கட்டிய இந்நாட்டுப் பெண்கள். சபையில் கலியாணம் நடக்க வேண்டுமானால் பெண் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பெற்றவுடன் மரியா, அன்னா, சுசன்னா என்று ஒரு புதுப் பெயர். பல பதிவுகளில் அந்தப் பெயரோடு ஓர் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். தகப்பன் பெயர் இருக்காது. கணவன் வழியில் இருநூறு வருடம் ஏறிப் போகலாம். மனைவி வழி அந்த ஞானஸ்நானத் தொட்டியடியிலேயே நின்றுவிடும். இன்று வாழும் பேரப்பிள்ளைகளின் உடம்பில் இரண்டு பக்க இரத்தமும் ஓடுகிறது. ஏட்டில் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

இரண்டாவது, நாங்கள். சோனகர் ஞானஸ்நானம் பெறவில்லை, ஆகவே பள்ளித் தோம்பில் நம் பிள்ளைகள் இல்லை. கம்பனியின் மற்ற ஏடுகளில் நாம் இருக்கிறோம். செட்டிகளோடு சேர்த்து நம்மீதும் சுமத்தப்பட்ட ஊழியம் என்ற கட்டாய வேலைக்குப் பொறுப்பானவர்களாகவும், வியாபாரிகளாகவும், வரி கட்டுபவர்களாகவும் இருக்கிறோம். இன்னாருக்குப் பிறந்த இன்னார் என்ற அந்த மூன்று வரி மட்டும் நமக்கு எழுதப்படவில்லை.

நம் பெயர் வைக்கும் முறையும் தேடலுக்கு உதவாது. ஜேர்மன்காரருக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். கோல்ஹோஃபின் பேரனும் கோல்ஹோஃப்தான். நமக்கு வாப்பாவின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், அடுத்த தலைமுறையில் அது போய்விடும். மூத்தவாப்பாவின் பெயர் நினைவில் மட்டும்தான். ஆகவே ஏடு அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

1990 ஒக்டோபர் 30. இதை இந்தச் சமூகத்துக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம்தான் தந்தார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேறினோம். பணமும் நகையும் போனது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். காணி உறுதியும், நிக்காஹ் பத்திரமும், அலுமாரிக்குள் இருந்த பழைய கொப்பியும், படங்களும் போனது பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். கோட்டைக்குள் இருந்த அந்த 1706ஆம் வருடத் தேவாலயமும் அதே போரில்தான் இடிந்து மண்ணானது.

கோல்ஹோஃபின் ஊருக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. ஹிட்லரின் போர் முடிந்த 1945இல் எல்லைகள் மாறின. நோய்வார்ப் போலந்துக்குப் போனது. இன்று அதன் பெயர் நோவே வார்ப்னோ. அந்தப் பக்கங்களில் இருந்த ஜேர்மன் மக்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மூட்டை முடிச்சோடு வெளியேற்றப்பட்டார்கள். தேவாலய ஏடுகளில் எரிந்தவை பல, இடம் மாறிச் சிதறியவை பல.

அதற்குப் பிறகு அங்கே செய்த வேலைதான் நாம் கவனிக்க வேண்டியது. தேவாலயங்களின் தேடுதல் சேவை ஒன்று, வெளியேறியவர்களைப் பழைய ஊர் வாரியாக அட்டைகளில் பதிந்தது. எந்த ஊரில் யார் இருந்தார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஆளுக்கொரு அட்டை. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கத்தான் அதைத் தொடங்கினார்கள். ஏடு அழிந்த ஊர்களுக்கு அதுவே பின்னர் ஏடாகவும் ஆனது.

அரசாங்கப் பிறப்புப் பதிவின் பிரதியைப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கேட்கலாம். ஆனால் சோனகத் தெருவில் எந்த ஒழுங்கையில் எந்த வீட்டில் யார் இருந்தார், யாருக்கு யார் சாச்சா, யாருடைய மையித்து எந்த மையவாடியில் அடக்கம் என்பதை எந்த அலுவலகமும் தராது. அது புத்தளத்திலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் நம் பெரியவர்களின் தலைக்குள் இருக்கிறது. அன்று நாற்பது வயதில் வெளியேறியவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஓர் ஏடு மண்ணுக்குள் போகிறது.

ஆகவே ஒரு கோரிக்கை. வீட்டில் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவர் பெயர், வாப்பா பெயர், வாப்பாவின் வாப்பா பெயர். உம்மா பெயர், உம்மாவின் உம்மா பெயர். இதை விட்டுவிடாதீர்கள், அந்த மரியாக்களுக்கும் சுசன்னாக்களுக்கும் நடந்தது நம் உம்மாமாருக்கு நடக்கக்கூடாது. பிறந்த ஒழுங்கை. நிக்காஹ் நடந்த வருடம், வலி யார், சாட்சி யார். அடக்கமான இடம். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் "வெள்ளம் வந்த வருடம்" என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். திகதியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

எழுதியதைப் பிரதி எடுத்து வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். 1794இல் புருசிய அரசு தன் சட்டத்தில் தேவாலய ஏட்டுக்கு ஒரு பிரதி எழுதி நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தது. தேவாலயம் எரிந்த ஊர்களில் அந்தப் பிரதி மிஞ்சியது. இரண்டு இடத்தில் இருந்தது தப்பியது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

தனிப்பட்ட விபரங்களைக் கீழே கருத்துகளில் போட வேண்டாம். கொப்பியில் எழுதி, உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ ஒரு பிரதியைக் கொடுங்கள். ஒழுங்கை ஒழுங்கையாகச் சேர்த்தால் ஒரு தெருவின் ஏடு உருவாகும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் எழுத்து வேலைக்கு உதவலாம். ஒரு மூத்தவருக்கு இரண்டு பின்னேரம் போதும்.

இன்ஷா அல்லாஹ் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்குவோம். வஸ்ஸலாம்.